வளைவில் தடம் புரளும் எஞ்சின்: முதலில் ஏறுவது எந்தச் சக்கரம்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் மாடல் ரயில் பாதையில், ஹெச்ஓ அளவில் (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு), ஆறு அச்சுகள் கொண்ட எஸ்டி40-2 என்ற அமெரிக்க டீசல் எஞ்சினின் மாடல் இருக்கிறது. 18 அங்குல ஆரமுள்ள வளைவுக்குள் நுழையும்போது அதன் முன் போகி (எஞ்சினின் அடியில் அச்சுகளைத் தாங்கித் திரும்பும் சட்டம்) தடம் புரள்கிறது. அடுத்துள்ள பாயிண்டிலும் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) சில சமயம் அப்படி ஆகிறது. பின்னோக்கி ஓட்டினால் பிரச்சினை இல்லை. அதே பாதையில் நான்கு அச்சுகள் கொண்ட வேறோர் எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறது. கேபினுக்குள் ஈயத்துண்டு வைத்துப் பார்த்தும் பலனில்லை. பழுது எஞ்சினிலா, பாதையிலா, இன்னும் எவ்வளவு எடை சேர்க்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

எடை சேர்ப்பதை இப்போதே நிறுத்துங்கள். வைத்த ஈயத்தையும் எடுத்துவிடுங்கள். தடம் புரளும் எஞ்சினுக்கு எடை சேர்ப்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் மருந்து. என் அனுபவத்தில் அது கடைசியாக வர வேண்டியது.

அதற்குக் காரணம் உண்டு. சக்கரத்தின் உள்விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறுமா என்பதில் இரண்டு விசைகள் போட்டியிடுகின்றன. ஒன்று, சக்கரத்தைப் பக்கவாட்டில் தண்டவாளத்தோடு அழுத்தும் விசை. மற்றொன்று, அதைக் கீழ்நோக்கி அழுத்தும் எடை. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் ஓர் எல்லையைத் தாண்டும்போது சக்கரம் ஏறுகிறது. பிரெஞ்சுப் பொறியாளர் நடால் நிஜ ரயில்களுக்கு எழுதிய சூத்திரம் இதுதான். ரயில்வே பொறியாளர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் எஞ்சினின் போகி திரும்ப மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே எடையைக் கூட்டினால், போகி சுழலும் இடத்தில் உராய்வும் அதே அளவுக்குக் கூடும். பக்கவாட்டு அழுத்தமும் சேர்ந்து ஏறும். விகிதம் இருந்த இடத்திலேயே நிற்கும். பக்கவாட்டு விசை எங்கிருந்து வருகிறது, அல்லது எந்தச் சக்கரத்தின் மீது எடை இறங்காமல் போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

அதற்கு, முதலில் ஏறும் சக்கரம் எது, அது ஏறும் இடம் எது என்ற இரண்டும் உங்களுக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டும். 'வளைவில் விழுகிறது' என்பது போதாது. விளிம்பு தண்டவாளத்தின் தலைமேல் ஏறியபின் எஞ்சின் உடனே சாய்ந்துவிடாது. ஏறிய சக்கரம் அப்படியே 10, 15 சென்டிமீட்டர் ஓடி, அடுத்த இணைப்பிலோ பாயிண்டிலோதான் வெளியே இறங்கும். நாம் இறங்கிய இடத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருப்போம். குற்றவாளி பின்னால் எங்கோ இருக்கும். உங்கள் பாயிண்டில் 'சில சமயம்' நடப்பதும் இதனால்தானா என்று பாருங்கள். வளைவில் ஏறிய சக்கரம் பாயிண்ட் வரை சென்று விழுந்தால், பாயிண்டின் மீது குற்றமே இல்லை.

கைபேசியைத் தண்டவாள மட்டத்தில் வைத்து, மெதுவோட்டப் பதிவில், எஞ்சின் நகரும் குறைந்தபட்ச வேகத்தில் படம் எடுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் முகத்திலும் வெள்ளை மையால் ஒரு புள்ளி வைத்தால் எது தூக்குகிறது என்பது தெளிவாகத் தெரியும். சக்கரம் எழும் இடத்தில் ஸ்லீப்பரின் மேல் பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு எஞ்சினைத் திருப்பி வைத்து, பின்முனை முன்னே வரும்படி அதே திசையில் அதே இடத்தில் ஓட்டுங்கள். நீங்கள் 'பின்னோக்கி ஓட்டினால் சரி' என்று சொல்லும்போது பயணத் திசையும் சேர்ந்து மாறியிருக்கும். வளைவுக்குள் நுழைந்த இடம் இப்போது வெளியேறும் இடமாகியிருக்கும். பாயிண்டையும் மறுபக்கத்திலிருந்து கடந்திருப்பீர்கள். அதனால் அந்தச் சோதனை எஞ்சினையும் பாதையையும் பிரித்துக் காட்டாது. திருப்பி வைத்த பிறகும் அதே இடத்தில் விழுந்தால் பாதையைச் சந்தேகியுங்கள். விழாமல் போனால் முதல் சந்தேகம் முன் போகியின் மீது. வளைவில் எப்போதும் முன்னே செல்லும் போகியின் முதல் அச்சுதான் வெளித் தண்டவாளத்தைக் கூடுதல் கோணத்தில் முட்டுகிறது. பின்னால் வரும் போகிக்கு அந்தக் கோணம் குறைவு. ஆகவே குறையுள்ள போகி பின்னால் வரும்போது தப்பித்துவிடும்.

நான்கு அச்சு எஞ்சின் ஓடுகிறது என்பதால் பாதை குற்றமற்றது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இங்கேதான் ஆறு அச்சு எஞ்சினின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நிஜ எஸ்டி40-2 வின் மூன்று அச்சுப் போகியில் முதல் அச்சுக்கும் மூன்றாம் அச்சுக்கும் இடைவெளி 13 அடி 7 அங்குலம். 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 47.5 மி.மீ. உங்கள் வளைவின் ஆரம் 457 மி.மீ. முதல் அச்சும் மூன்றாம் அச்சும் பாதையின் நடுவில் இருந்தால், நடு அச்சு இருக்கும் இடத்தில் பாதை எவ்வளவு வெளியே விலகியிருக்கும்? நீளத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுங்கள்: ஏறத்தாழ 0.6 மி.மீ. இனி, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே எவ்வளவு தளர்வு உண்டு என்று பார்ப்போம். பாதையின் அகலம் 16.5 மி.மீ. ஓர் அச்சிலுள்ள இரு சக்கரங்களின் முதுகுகளுக்கு (ஒன்றையொன்று பார்க்கும் உள்முகங்களுக்கு) இடையே சுமார் 14.45 மி.மீ.; அதோடு இரண்டு விளிம்புகளின் தடிமனும் சேர்ந்தால் ஏறத்தாழ 16 மி.மீ. மிஞ்சுவது அரை மில்லிமீட்டர்தான். தேவை 0.6, இருப்பது 0.5. நடு அச்சு போகிக்குள் பக்கவாட்டில் நகர முடிந்தால் மட்டுமே இந்தக் கணக்கு நேராகும். நகர முடியாவிட்டால் நடு அச்சின் உள்பக்கச் சக்கரம் உள் தண்டவாளத்தில் அழுந்தி, போகி முழுவதையும் வெளியே தள்ளும். அந்தத் தள்ளல் முன் அச்சின் வெளிச்சக்கரத்தில் போய் இறங்கும். உங்கள் எஞ்சினில் ஏறும் சக்கரம் அதுதான் என்றால் எனக்கு வியப்பிருக்காது. இரண்டு அச்சுப் போகியில் நடு அச்சே கிடையாது. அதனால்தான் மற்ற எஞ்சின் கவலையில்லாமல் ஓடுகிறது.

எஞ்சினைத் தலைகீழாக ஒரு துணிமேல் வைத்து, நடு அச்சை விரல் நுனியால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் நகர வேண்டும். நகரவில்லை என்றால் பல்சக்கரப் பெட்டியில் முடியோ நூலோ சுற்றியிருக்கலாம். பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கலாம். அடித்தட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கொள்ளும் எண்ணெயில் ஒரு சொட்டு விடுங்கள். அது போதும்.

அடுத்து, எஞ்சினைக் கண்ணாடித் தகட்டின் மேல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் மெல்லிய காகிதக் கீற்றைச் செருகி இழுங்கள். ஆறு அச்சிலும் ஏறத்தாழ ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். நடு அச்சு மட்டும் தாழ்ந்திருந்தால் போகி அதன் மேல் முன்னும் பின்னும் ஆடும். முன் சக்கரத்தின் எடை போய்விடும். நடு அச்சு ஒரு மயிரிழை உயர்ந்திருப்பதில் தீங்கில்லை, தாழ்ந்திருக்கவே கூடாது. ரப்பர் வளையம் பொருத்திய சக்கரங்கள் உங்கள் எஞ்சினில் இருந்தால் அவற்றையும் பாருங்கள். ஊறித் தளர்ந்த வளையம் பள்ளத்தைவிட்டு மேலெழுந்து அந்தச் சக்கரத்தை மட்டும் உயர்த்தி வைக்கும். அதனால் பக்கத்து மூலையிலுள்ள ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்.

இப்போது முதுகு இடைவெளி. 1935இல் தொடங்கிய அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ வகுத்த ஆர்பி-25 வடிவச் சக்கரங்களுக்கு இது 14.4 முதல் 14.5 மி.மீ. வரை இருந்தால் நல்லது. சங்கத்தின் உலோக அளவுத் தகடு ஒன்றை வாங்கிவிடுங்கள். சக்கரம், பாதை, பாயிண்ட் மூன்றையும் அதைக் கொண்டே அளக்கலாம். வெர்னியர் காலிபரும் உதவும். சக்கரத்தைச் சுற்றி மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். இடத்துக்கு இடம் அளவு மாறினால் சக்கரம் அச்சில் கோணலாக நிற்கிறது. இடைவெளி குறைந்திருந்தால் சக்கரத்தின் முதுகு, பாயிண்டில் சக்கரத்தை வழிநடத்த வைத்திருக்கும் காப்புத் தண்டவாளத்தின் மேல் ஏறும். கூடியிருந்தால் விளிம்பு, பாயிண்டில் இரு தண்டவாளங்கள் குறுக்கிடும் 'ஃபிராக்' என்ற துண்டின் மூக்கில் முட்டும். வளைவில் இருபுறமும் உரசும்.

சரி செய்வது எளிது. இரு சக்கரங்களையும் விரல்களால் பிடித்து, திருகிக்கொண்டே இழுங்கள், அல்லது அழுத்துங்கள். குறடு வேண்டாம், சக்கரத்தின் ஓடும் பரப்பில் கீறல் விழுந்தால் அந்தக் கீறலே தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏற உதவும். திருகும்போது சக்கரம் மிக எளிதாக நகர்ந்தால் சந்தேகப்படுங்கள். அச்சின் நடுவிலுள்ள பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கக்கூடும். எஞ்சின் ஓடும்போது 'டக், டக்' என்று ஒழுங்கான இடைவெளியில் சத்தம் வந்தால் அது கிட்டத்தட்ட உறுதி. ஒட்டிப் பயனில்லை; அந்த வகைப் பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது. புதிய பல்சக்கரம்தான் வழி. நீராவி எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இயக்கும் சக்கரங்களை இப்படித் திருகக் கூடாது. இடமும் வலமும் 90 டிகிரி வேறுபாட்டில் பொருத்தப்பட்டிருக்கும் அமைப்பு கலைந்துவிடும். பிறகு எஞ்சின் நொண்டியடிக்கும்.

சக்கரங்கள் சரியென்றால் போகிக்கும் உடலுக்கும் உள்ள உறவைப் பாருங்கள். எஸ்டி40-2 மாடலில் போகிகளின் மையங்களுக்கு இடையே சுமார் 15 செ.மீ. உங்கள் வளைவில் ஒவ்வொரு போகியும் உடலிலிருந்து ஏறத்தாழ 10 டிகிரி திரும்பியாக வேண்டும். சின்ன அளவு மாதிரி தோன்றினாலும், படிக்கட்டு, பனி ஒதுக்கும் தகடு, பிரேக் குழாய், டீசல் தொட்டியின் மூலை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தடுக்கப் போதுமானது. எஞ்சினை வளைவில் நிறுத்தி, அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கே வண்ணம் உராய்ந்து பளபளக்கிறதோ அங்கே இடிக்கிறது. அந்த இடத்தை அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

மின்கம்பிகளும் அப்படித்தான். டிகோடர் (எஞ்சினுக்குள் இருந்து அதை இயக்கும் மின்னணுச் சுற்று) பொருத்திய எஞ்சின்களில் போகியிலிருந்து மேலே போகும் கம்பிகள் தடிமனாகவோ இறுக்கமாகவோ இருந்தால் ஸ்பிரிங்காக மாறி, போகியை ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். எஞ்சினைத் தூக்கிப் பிடித்து முன் போகியை இடப்பக்கம் திருப்பி விடுங்கள், பிறகு வலப்பக்கம். விட்ட இடத்தில் நிற்க வேண்டும். தானாகத் திரும்பி வந்தால் கம்பி தள்ளுகிறது என்று பொருள். மெல்லிய, வளையும் கம்பியாக மாற்றி, கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டுங்கள். நீங்கள் கேபினுக்குள் வைத்த ஈயத்துண்டு இந்தக் கம்பிகளின் மேல் அமர்ந்திருக்க வாய்ப்புண்டு. முன் போகியின் பல்சக்கரக் கோபுரம் அதே இடத்தில்தான் மேலே வருகிறது.

போகி பக்கவாட்டில் சாயவும் வேண்டும். நான்கு கால் ஸ்டூல் ஒன்று எப்படி மேடுபள்ளத் தரையில் ஆடுமோ, இரண்டு போகிகளும் சாயாமல் விறைத்து நிற்கும் எஞ்சின் அப்படித்தான் முறுக்குண்ட பாதையில் ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டில் ஒரு போகியாவது இடவலமாகத் தாராளமாகச் சாய வேண்டும். அப்போது உடல் மூன்று புள்ளிகளில் அமர்கிறது. எல்லாச் சக்கரங்களும் தரையைத் தொடுகின்றன. போகியைத் தாங்கும் ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தால் கால் சுற்று, அரைச் சுற்று தளர்த்துங்கள். தாங்கும் தளத்தில் வார்ப்புப் பிசிறு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள்.

இனி பாதை. உங்கள் எஞ்சின் வளைவின் உள்ளே அல்லாமல் நுழைவாயிலில் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு தகவலை நான் மிகவும் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். நேர்ப்பாதை வளைவாக மாறும் இடத்தில்தான் முறுக்கு ஒளிந்திருக்கும். முறுக்கு என்றால் குறுகிய தூரத்துக்குள் ஒரு தண்டவாளம் மற்றொன்றைவிட உயர்ந்தோ தாழ்ந்தோ போவது. மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஆர்பி-25 சக்கரத்தின் விளிம்பு ஆழம் வெறும் 0.64 மி.மீ. ஒரு போகியின் நீளத்துக்குள் ஒரு தண்டவாளம் 0.3 மி.மீ. தாழ்ந்தால், விறைப்பான போகியில் அந்தச் சக்கரத்தின் பிடிப்பு பாதியாகிவிடும். ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன் அவ்வளவுதான். இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் அலட்சியப்படுத்தப்படும் காரணம் இதுவென்று நான் நம்புகிறேன். வளைவை அழகாகச் சாய்க்க வேண்டும் என்று வெளித் தண்டவாளத்தை உயர்த்துகிறவர்கள், அந்த உயரத்தைப் படிப்படியாகத் தொடங்காமல் ஒரேயடியாகத் தொடங்கிவிடுகிறார்கள். அடியில் உறைந்த பசைக்கட்டி, ஸ்லீப்பருக்கு அடியில் நுழைந்த ஒரே ஒரு ஜல்லித் துகள், கார்க் பட்டைகள் சேரும் இடம் என எதுவும் இதே விளைவைத் தரும்.

சிறிய ரசமட்டம் ஒன்றைத் தண்டவாளங்களுக்குக் குறுக்கே வைத்து, ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு தடவை நகர்த்துங்கள். குமிழி ஒரே பக்கமாக நிலையாக நின்றால் கவலை வேண்டாம். பலகையே சாய்ந்திருக்கலாம், அது எஞ்சினை ஒன்றும் செய்யாது. குமிழி திடீரென்று தாவும் இடத்தைத்தான் தேடுகிறோம். அந்த இடம் நீங்கள் பென்சில் கோடு போட்ட இடத்துக்குச் சற்று முன்னால் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. ஜல்லி ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஊற்றி ஊறவிடுங்கள். வெள்ளைப் பசை இளகும். பாதையை மெல்லத் தூக்கி, தாழ்ந்த பக்கத்து ஸ்லீப்பர்களின் அடியில் கார்டுத் துண்டுகளைச் செருகுங்கள். ஒரே இடத்தில் நிறுத்திவிடாமல், இருபுறமும் மெல்லிய காகிதமாகக் குறைத்துக்கொண்டே போய் முடியுங்கள்.

நுழைவாயிலில் தண்டவாள இணைப்பும் இருக்கிறதா? ஃபிளெக்ஸி பாதையின் (கையால் வளைத்துப் பதிக்கும் நீளப் பாதைத் துண்டு) முனைகள் எப்போதும் நேராக நிமிரப் பார்க்கும். அதனால் வளைவில் வரும் இணைப்பு முழங்கையாக மடங்கிவிடும். விரல் நகத்தைத் தண்டவாளத்தின் உட்பக்கமாக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும். ஒரு தண்டவாளம் இணைப்புத் தகட்டுக்குள் நுழையாமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதும் அடிக்கடி நடப்பதுதான். நிரந்தரத் தீர்வு, இரண்டு துண்டுகளையும் நேராக வைத்து ஈயப்பற்று போட்டு இணைத்த பிறகு வளைப்பது. ஏற்கனவே பதித்த பாதை என்றால், தண்டவாள முனைகளின் உள்மூலையை நுண்ணிய அரத்தால் லேசாகச் சாய்த்துத் தேய்ப்பது பெருமளவு உதவும். ஆனால் எல்லா இணைப்பையும் பற்றவைத்துவிட வேண்டாம். ஒரு மீட்டர் தண்டவாளம் 15 டிகிரி வெப்ப உயர்வில் கால் மில்லிமீட்டர் நீளும். மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி கோடையில் உலரும் மரப்பலகை அதைவிடவும் அதிகமாக நகரும். நேர்ப்பாதையில் ஆங்காங்கே விசிட்டிங் கார்டு அளவு இடைவெளி விட்டுவையுங்கள்.

பாயிண்டில் பார்க்க வேண்டியவை இரண்டுதான். நகரும் நாக்கு பக்கத் தண்டவாளத்தோடு இறுக ஒட்டுகிறதா என்று காகிதக் கீற்றால் சோதியுங்கள். கீற்று உருவிக்கொண்டு வந்தால் நாக்கின் நுனியைச் சக்கரம் பிளக்கும். ஃபிராக்கில் சக்கரம் தட்டினால் எதிரே உள்ள காப்புத் தண்டவாளத்தில், சக்கரத்தின் முதுகு உரசும் பக்கத்தில், 0.25 மி.மீ. பிளாஸ்டிக் பட்டையை ஒட்டிப் பாருங்கள். சக்கரம் ஃபிராக் மூக்கைவிட்டு விலகிப் போகும்.

பெட்டியோடு இணைக்கும் கொக்கியான கப்ளரையும் ஒரு கை பார்த்துவிடுங்கள். கேடீ வகைக் கப்ளரின் அடியில் தொங்கும் கம்பி தாழ்ந்திருந்தால் பாயிண்டில் மாட்டி எஞ்சினின் முனையைத் தூக்கிவிடும். கப்ளர் இடவலமாகத் தாராளமாக ஆடாவிட்டால், நீண்ட பெட்டி ஒன்று வளைவில் எஞ்சினின் பின்முனையைப் பக்கவாட்டில் இழுக்கும். பெட்டிகளே இல்லாமல் எஞ்சினை மட்டும் ஓட்டும்போதும் அது விழுகிறதா என்பதை நீங்கள் சொல்லவில்லை. அப்போது விழவில்லையென்றால் மேலே சொன்ன பாதியை விட்டுவிட்டு இங்கிருந்தே தொடங்குங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எஸ்டி40-2 மாடலின் நீளம் சுமார் 24 செ.மீ. வண்டியின் நீளத்தைப் போல மூன்று மடங்கு ஆரம் வேண்டும் என்பது பாதை வடிவமைப்போர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதன்படி உங்களுக்கு 70 செ.மீ.க்கு மேல் தேவை. இருப்பது சுமார் 46. எல்லாவற்றையும் சீர்செய்தால் இந்த எஞ்சின் 18 அங்குல வளைவில் ஓடும், ஓடுகிறவற்றைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பிழைக்கு இடம் கொடுக்காது. இடம் இருக்குமானால், அடுத்த முறை பாதை போடும்போது வளைவைப் பெரிதாக்குங்கள். குறைந்தது, நேர்ப்பாதைக்கும் வளைவுக்கும் நடுவே ஒரு 15, 20 செ.மீ. தூரத்துக்கு இரு மடங்கு ஆரமுள்ள இளவளைவைச் சேருங்கள். நுழைவாயிலில் முன் சக்கரம் முட்டும் வேகம் அதனாலேயே தணியும்.

உங்கள் எஞ்சினுக்கு நான் பரிந்துரைக்கும் வரிசை இது: ஈயத்தை எடுங்கள், படம் எடுத்துச் சக்கரத்தைக் கண்டுபிடியுங்கள், நடு அச்சின் அசைவைப் பாருங்கள், பிறகு போகியின் சாய்வும் கம்பியும், பிறகு நுழைவாயிலில் ரசமட்டம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியபின் ஓட்டிப் பாருங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமலே போய்விடும். எல்லாம் சரியானதும் எஞ்சினை இரு திசையிலும், இரு முனையும் முன்னே வரும்படி, மிக மெதுவாகவும் முழு வேகத்திலும் ஓட்டுங்கள். கடைசியாக, பத்துப் பெட்டிகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு அந்தப் பாயிண்டையும் வளைவையும் கடக்கச் செய்யுங்கள். அதிலும் விழவில்லை என்றால் வேலை முடிந்தது. விழுந்தால், மெதுவோட்டப் படத்தில் எழும் சக்கரம் எந்த அச்சில் எந்தப் பக்கம் என்பதையும், அந்த இடத்தில் குமிழி எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதையும் எழுதுங்கள். அதைக்கொண்டு மேலே பார்க்கலாம்.